பஃபலோவில் மூன்று நாள்

பெப்ரவரி 9, 1988, செவ்வாய்

நேற்று எழுதியதில் ஒரு பிழை. மாமாங்கம் அண்ணைக்கு வலது கை வழங்காது என்று எழுதிவிட்டேன். வழங்காதது இடது கை. அவருக்கு முன்னால் இருந்து பார்த்தபடியால் என் பக்கத்தை அவருடைய பக்கமாக எடுத்திருக்கிறேன். வெட்டித் திருத்தியாயிற்று.

மாலை வகுப்பில் கணக்குப்பதிவு படிப்பிக்கும் ரீச்சர்தான் இந்தப் பழக்கத்தைத் தந்தார். எந்த மொழியிலும் எழுதலாம். முதலில் ஒரு பிழை, கடைசியில் அடுத்த நாள் வேலை, நடுவில் விருப்பமானது. வகுப்பில் மற்றவர்கள் இரண்டாம் கிழமையே விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. இதனால் என்ன பயன் என்று இன்னும் தெரியவில்லை.

நாங்கள் இருப்பது அமெரிக்க எல்லைக்கு வடக்கே, வெக்ஸ்போர்டில், லோறன்ஸ் வீதிக் கட்டடமொன்றின் ஆறாம் மாடியில். ஓர் அறையில் மாமாங்கம் அண்ணை, மனைவி கோணேஸ்வரி அக்கா, ஆறு வயது மகள் தவமலர். மற்ற அறையில் வாடகைக்கு நான். அவர்கள் வாழைச்சேனை, நான் கரவெட்டி. 'அல்லவா' என்பதற்கு அவர்கள் 'எலுவா' என்பார்கள்; முதலில் எனக்கே விளங்கவில்லை. ஊரில் இருந்திருந்தால் ஒருவரையொருவர் கண்டிருக்கவே மாட்டோம்.

எனக்கு லோண்ட்ரியில் வேலை எடுத்துத் தந்தவர் மாமாங்கம் அண்ணைதான். ஆஸ்பத்திரிச் சீலைகள் நீலப் பைகளில் வந்து இறங்கும். தோய்த்த கட்டில் சீற்றை இரண்டு பேர் ஆளுக்கிரண்டு மூலையாகப் பிடித்து, உதறி, சூடான உருளைக்குள் ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டும். ஒருவர் பிந்தினால் சீற் கோணலாய்ப் போய்ச் சிக்கும். முதல் நாள் நான் நாலு தரம் சிக்கவைத்தேன். "தம்பி, சீலையப் பாக்காத. என்ட கையப் பாரு," என்றார் அவர். வெளியில் பனி உறைந்து கிடக்கும். உள்ளே பெனியனோடு நின்றாலும் வியர்வை ஓடும். வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது ஈரத் தலைமயிர் ஈர்க்கில் மாதிரி விறைத்துப்போகும்.

பொங்கலுக்கு அடுத்த கிழமை, விடியப்புறம் வேலைக்கு வெளிக்கிட்டு, கதவடியில் குந்திச் சப்பாத்துக் கட்டியவர் அப்படியே பக்கவாட்டில் சரிந்தார். பாரிசவாதம். ஆஸ்பத்திரியால் வந்து ஒரு கிழமையாகிறது.

இன்று இரவு அக்கா சோற்றைக் குழைய அவித்து, சொதி விட்டுப் பிசைந்து, கரண்டியால் தீத்தினா. கீழ்மாடிச் செலீன் அக்காவும் வந்திருந்தா. மட்டக்களப்புப் பக்கம்தான்; இங்கேயே நிரந்தரமாக இருக்க லாண்டட் கிடைத்தவ. நிறைமாதமாகிவிட்டபடியால் பிஸ்கற் பக்டரி வேலையை விட்டுவிட்டு, பொழுது போகாமல் மேலே ஏறி வருவா.

"இன்னும் ஒரு மணித்தியாலம் பொறுத்து விழுந்திரிந்தா லோண்ட்ரிக்காரன் நட்டஈடு ஏதும் குடுத்திரிப்பான்," என்றா கோணேஸ்வரி அக்கா. "வீட்டுக்குள்ள விழுந்திட்டார்."

மாமாங்கம் அண்ணையின் வாய் ஒரு பக்கம் இழுபட்டாலும் பேச்சு விளங்கும். "ஒரு மணித்தியாலம் பொறுத்தா நான் பஸ்ஸுக்குள்ள எலுவா இரிந்திரிப்பன். பஸ்காரனிட்டப் போய்க் கேளுகா."

"வாயில கொழுப்புக் குறையல்ல," என்றா செலீன் அக்கா. "பாரிசவாதம் நாக்குல ஏறாமப் போயிட்டுது பாருங்க."

"ஏறியிருந்தா உனக்கு ஆரோட சண்டை பிடிக்கிற?"

எல்லோரும் சிரித்தோம். சிரித்தபோது அவருக்குப் புரையேறிவிட்டது. அக்கா அவரை நிமிர்த்தி முதுகைத் தடவி, வழிந்த சொதியைத் துடைத்தா. அரசாங்கம் தரும் உதவிக்காசுக்கு, வெல்பெயருக்குப் போகலாமே என்று நான் மெல்லக் கேட்டேன். வெல்பெயர் எடுத்தவர்களுக்கு லாண்டட் தரமாட்டார்கள் என்று கோயிலடியில் யாரோ சொன்னதாம். உண்மையோ தெரியாது. அக்கா அதை நம்புகிறா.

நாளை: உடம்பு ஏலாதவர்களுக்கான பென்சன் பற்றி விசாரிக்க லீவு கேட்க வேண்டும்.

பெப்ரவரி 12, வெள்ளி

இன்றைய பிழை: ஒபிசில் கேட்ட கேள்விக்கு "இல்லை" என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். நல்லவேளை, "கேட்டுச் சொல்கிறேன்" என்று மாற்றினேன்.

பென்சன் ஒபிசில் இருந்தவர் நரைத்த தலையோடு ஒரு பெண்மணி. பொறுமையாகப் பேசினார். மாமாங்கம் அண்ணை இங்கே சம்பளத்தில் பென்சனுக்குக் கட்டியது போன வருடம் மட்டும்தான். அதற்கு முன்னர் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவியது கணக்கில் வராத வேலை. ஒரு வருடம் போதாது என்றார். நான் எழும்பப் போனேன்.

"வேறு நாட்டில் வேலை செய்திருக்கிறாரா?" என்று கேட்டார். "அமெரிக்காவோடு எங்களுக்கு ஓர் உடன்படிக்கை இருக்கிறது. அங்கே கட்டிய காலத்தையும் இங்கே கட்டியதையும் சேர்த்துப் பார்க்கலாம். சில வருடங்கள் இருந்தாலே போதும்."

வரும்போது சந்தோசத்தில் பஸ்ஸுக்குள் உட்காரவும் மனமில்லை. வீட்டுக்கதவைத் திறந்தவுடனேயே சொல்லிவிட்டேன்.

அக்கா ரொட்டிக்கு மாக் குழைத்துக்கொண்டு நின்றா. கையை எடுக்காமலே புருஷனைப் பார்த்தா. மாமாங்கம் அண்ணை சுவரைப் பார்த்தார்.

"நாலு வரிசம்," என்றார். "பஃபலோவுல."

அமெரிக்காவில் கொஞ்சக் காலம் நின்றவர் என்று எனக்குத் தெரியும். ஆனால் இந்த வீட்டில் அதை ஒருவரும் பேசுவதில்லை. இன்றுதான் முழுதாகச் சொன்னார். கப்பலில் வேலைக்கு வந்து நியூவாக் துறைமுகத்தில் இறங்கி, திரும்பி ஏறவில்லை. அவருடைய ஊர்க் கூட்டாளி அன்புராசா அப்போது பஃபலோவில் கல்லூரி மாணவன். அங்கே வேலை செய்யவும் பென்சனுக்குக் கட்டவும் வேண்டிய நம்பர் அவரிடம் இருந்தது. பேரோடு சேர்த்து அந்த நம்பரை இவருக்குக் கொடுத்தார். அந்தப் பேரில் மாமாங்கம் அண்ணை ஒரு லோண்ட்ரியில் நாலு வருடம் வேலை செய்தார். பிறகு எண்பத்தாறாம் ஆண்டு எல்லைப் பாலம் கடந்து இந்த நாட்டுக்கு வந்து அகதி என்று பதிந்தார்.

"கட்டினது நான்," என்றார். "கிடக்கிறது அவன்ட பேரில."

"அன்புராசா அண்ணை ஒரு வார்த்தை எழுதித் தந்தாக் காணும்," என்றேன். "வேலை செய்த இடத்திலும் ஆராவது ஓம் எண்டு சொல்லவேணும். திருத்தலாமாம் அண்ணை. நான் வடிவாக் கேட்டனான்."

"தம்பி, நிச்சயமா?" என்றா அக்கா. கையெல்லாம் மா.

"ஓம் அக்கா."

நிச்சயமா என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் ஓம் என்றேன். அக்கா இன்றைக்கு ரொட்டிக்குத் தேங்காய்ப்பூக் கூடுதலாகப் போட்டா.

நாளை: பஃபலோ லோண்ட்ரிக்குப் போன் எடுக்க வேண்டும்.

பெப்ரவரி 13, சனி

பிழை: போனில் அவருடைய சொந்தப் பேரைச் சொல்லி விசாரித்தேன்.

லோண்ட்ரியின் போன் நம்பர் மாமாங்கம் அண்ணைக்கு மனப்பாடம். எடுத்தவர் ஜோசப்பின் என்ற மேற்பார்வைக்காரி. பின்னால் மெசின்களின் இரைச்சல். எங்கள் லோண்ட்ரியின் அதே இரைச்சல். மாமாங்கம் என்று ஒருவரும் இங்கே வேலை செய்யவில்லை, வேறு இடமாக இருக்கும் என்றார். பிறகுதான் எனக்கு உறைத்தது.

"அன்புராசா?" என்றேன்.

"அன்பு!" என்று அவர் போட்ட சத்தத்துக்கு நான் றிசீவரைக் காதிலிருந்து எடுத்துவிட்டேன். சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான், எங்கே அவன், அவனுக்குப் பிறகு வந்த மூன்று பேரும் சீலையைக் கோணலாய்க் கொடுக்கிறார்கள் என்று விடாமல் சொன்னார். நான் நடந்ததைச் சொன்னேன். அவனுடைய உண்மைப் பேர் என்னவாக இருந்தாலும் எனக்கு அக்கறை இல்லை, அவனுடைய முகம் எனக்குத் தெரியும், படம் ஒன்று அனுப்பு, எதற்கும் கையெழுத்து வைக்கிறேன் என்றார். அவனோடு பேச வேண்டும் என்றார்.

றிசீவரை அவருடைய வலது காதில் பிடித்தேன். "அன்பு?" என்ற குரல் எனக்கும் கேட்டது.

"யெஸ், ஜோசப்பின்," என்றார்.

அப்படி ஒரு குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை. இளந்தாரிக் குரல். முதுகுகூடக் கொஞ்சம் நிமிர்ந்தது. அக்கா வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தவ, மடித்ததை விரித்துத் திரும்பவும் மடித்தா. போன் வைத்த பிறகுதான் கேட்டா.

"உங்கள ஆரெண்டு நினைச்சுக் கதைச்சவ?"

"என்னத்தான்."

"அன்பெண்டு எலுவா கூப்பிட்டவ."

"நாலு வரிசம் அதுதானேகா எனக்குப் பேரு. முதல்ல விளங்காது. முதுகுக்குப் பின்னால கத்துவாங்கள், நான் ஆரையோ எண்டு வேலையப் பாப்பன். செவிடன் எண்டே நினைச்சிட்டாங்கள். ஒரு மாசத்தால பழகிற்று. மறுகா, இஞ்ச வந்து மாமாங்கமெண்டு கூப்பிட்டாத் திரும்பேலாமக் கிடந்தது."

தவமலர் இதைக் கேட்டு, "அன்பு அப்பா, அன்பு அப்பா," என்று பாடிக்கொண்டு ஓடினாள். அவள் தகப்பனை முதல்முதல் கண்டது போன சித்திரையில், விமான நிலையத்தில்.

நாளை: அன்புராசா அண்ணை இப்போது எல்லைக்கு இந்தப் பக்கம், விட்பியில்; அவருக்குப் போன் எடுக்க வேண்டும்.

பெப்ரவரி 21, ஞாயிறு

பிழையைக் கடைசியில் எழுதுகிறேன். ரீச்சர் சொன்ன ஒழுங்கு இன்றைக்குச் சரிவராது.

அன்புராசா அண்ணை தானே காரில் வந்து எங்களை ஏற்றிப்போனார். மாமாங்கம் அண்ணையை லிஃப்ற்றிலிருந்து கார் வரைக்கும் தன் தோளில் சாய்த்துத்தான் கொண்டுவந்தார். தவமலரைச் செலீன் அக்காவிடம் விட்டோம். வெறுங்கையோடு போகக்கூடாதென்று அக்கா விடிய எழும்பிப் புட்டு அவித்து, வாளைமீன் பொரித்து மடியில் வைத்திருந்தா. கார் முழுக்க மீன் மணம்.

விட்பியில் வீடுகள் எல்லாம் புதியவை. ஒரு மரமும் இல்லை. வீதிக்கு இன்னும் தார் போடவில்லை. உழுதுபோட்ட வயல்மாதிரிச் சேறு கட்டிபட்டுக் கிடந்தது. அன்புராசா அண்ணையின் மனைவி ஆஸ்பத்திரி வேலைக்குப் போயிருந்தா. அவரே தேத்தண்ணி போட்டார்.

"பொரியல் இன்னும் ஊர்ப் பதம்தான் அக்கா," என்றார். ஒரு துண்டைப் பிய்த்து வாயில் வைத்துவிட்டு மற்றதைத் தட்டிலேயே விட்டார். "மச்சான், நான் மாட்டனெண்டு சொல்லுவன் எண்டுதானே நினைச்சிக்கிட்டு வந்தனீ?"

"நினைச்சன்."

"எழுதித் தாறன். ஸ்ருடன்ற் விசாவுல வந்தவன் நம்பர வேற ஆளிட்டக் குடுத்தவன் எண்டு வந்தா எனக்கும் கரைச்சல்தான். வாறது வரட்டும். நீ கட்டினது உனக்கு வரவேணும்." தேத்தண்ணிக் கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தார். "ஆனா ஒண்டு கேக்கன். பாலத்தடியில இமிகிரேசன்காரன், அமெரிக்காவுல எவ்வளவு காலம் நிண்டனீ எண்டு கேட்டானே. என்ன சொன்னாய்?"

மாமாங்கம் அண்ணை வழங்காத கையை வழங்கும் கையால் தூக்கி மடியில் வைத்தார்.

"மூண்டு நாள்," என்றார்.

"நாந்தான் சொல்லித் தந்தன்," என்றார் அன்புராசா அண்ணை. "நாலு வரிசம் சுகமா நிண்டவனுக்கு இப்ப என்ன பயமெண்டு கேப்பான், மூண்டு நாளெண்டு சொல்லு, ஊரால நேர வாறன் எண்டு சொல்லு எண்டு. அந்த நேரம் எல்லாருக்கும் அப்பிடித்தான் சொல்லிக் குடுத்தன். நல்லதெண்டு நினைச்சுத்தான் மச்சான்."

"நானும் அதத்தான் சொன்னன்," என்றா அக்கா. "இவர் எண்பத்தாறு வரைக்கும் ஊரில கடை வைச்சிரிந்தவர், ஆமிக்காரன் கடையக் கொளுத்தினவன் எண்டு வாக்குமூலத்தில சத்தியம் பண்ணிச் சொன்னன். கடை கொளுத்தினது மெய். கடை என்ட தம்பிட."

"அது வேறை ஒபிஸ், இது வேறை ஒபிஸ்," என்றேன் நான். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை. "பென்சன்காரர் இமிகிரேசனுக்குச் சொல்லுவினமோ?"

"சொல்லாமலும் விடுவாங்கள் தம்பி. ஆனா இவன்ட அகதிக் கேஸ் இன்னும் விசாரணைக்கு எடுக்கல்ல. நாலு வரிசம் பஃபலோவுல நிண்டன் எண்டு இவனே கையெழுத்து வைச்சுக் குடுக்கிற. அது ஒரு நாள் அவங்கட மேசையில கிடந்தா? சத்தியம் பண்ணிச் சொன்ன பொய் எண்டு எலுவா பாப்பாங்கள்?"

"லாண்டட் கிடைச்ச பிறகு கேட்டா?" என்றேன்.

"அப்பயும் அதே பொய்தானே. கிடைச்சதையும் பறிக்கலாம்."

அக்கா புட்டுப் பாத்திரத்தை மூடினா. "எனக்கு வடிவாச் சொல்லுங்க. பென்சன் வந்தா இவருக்கு வரும். கேஸ் போனா மூண்டு பேருக்கும் போகும். அப்பிடித்தானே?"

அன்புராசா அண்ணை தலையாட்டினார்.

"இஞ்சாருங்க," என்று புருஷனைப் பார்த்தா. "அந்த நாலு வரிசம் என்னத்துக்கு உழைச்சீங்க?"

"உங்களக் கூப்பிடத்தான்."

"கூப்பிட்டாச்சு. வந்தாச்சு. விடுங்க, அது அதோட முடிஞ்சிது."

"கோணேசு, அது என்ட உழைப்புகா."

"ஆர் இல்லையெண்டது?"

அவர் அழுதார். பாரிசவாதத்துக்குப் பிறகு அவருக்கு அழுகை ஒரு கண்ணால்தான் வடிகிறது. அன்புராசா அண்ணை எழும்பிப் போய் யன்னலடியில் நின்றார். திரும்பி வரும்போது நானூற்றொன்று நெடுஞ்சாலையில் பனி கொட்டத் தொடங்கி, கார்கள் எறும்பு மாதிரி ஊர்ந்தன. வெக்ஸ்போர்டில் இறங்கும்போது அன்புராசா அண்ணை, "ஜோசப்பின் இன்னும் அங்கதான் இரிக்காவா?" என்று மட்டும் கேட்டார். மாமாங்கம் அண்ணை சொல்லக் கேட்டதுதானாம்; தன் பேரில் நாலு வருடம் வேலை நடந்த இடத்தை அவர் ஒரு தரமும் கண்டதில்லையாம்.

பிழை: பென்சன் ஒபிசால் வந்த அன்றே இதை நான் யோசித்திருக்க வேண்டும். இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்த்தேன். வகுப்பில் ஒரு பக்கத்தில் எழுதினால் மறுபக்கத்திலும் எழுத வேண்டும் என்றுதான் முதல் நாளே படிப்பித்தார்கள்.

நாளை: இலவசச் சட்ட உதவி ஒபிசில் ஒருதரம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

பெப்ரவரி 24, புதன்

பிழை: சட்ட உதவி ஒபிசின் நேரத்தைச் சரியாகப் பார்க்காமல் போய், பூட்டிய கதவடியில் முக்கால் மணித்தியாலம் நின்றேன். பிறகு வந்த சட்டத்தரணி, பேர் சொல்லாமல் நான் சொன்ன கதையைக் கேட்டுவிட்டுப் பேனையை மேசையில் வைத்தார். பென்சன் உரிமை உண்மையானது என்றார். கேட்காமல் இருப்பதுதான் பாதுகாப்பு என்றும் சொன்னார். இரண்டையும் ஒரே குரலில் சொன்னார். கேஸ் எப்போது எடுபடும் என்று கேட்டேன். முன்னால் ஆயிரக்கணக்கானவர்கள் நிற்கிறார்களாம்.

அக்காவிடம் வந்து சொன்னேன். "நீங்க ஏன் தம்பி பனிக்குள்ள அலையிறீங்க," என்று சூடாக மல்லித்தண்ணி தந்தா.

ஜோசப்பினிடமிருந்து சுகம் விசாரித்து ஓர் அட்டை வந்திருந்தது, அன்புவின் பேருக்கு. லோண்ட்ரியில் எல்லோரும் கையெழுத்து வைத்திருந்தார்கள். மாமாங்கம் அண்ணை அதைத் தலையணைக்குக் கீழே வைக்கச் சொன்னார். அந்தப் பேரில் ஒரு துண்டும் வீட்டில் கிடக்கக்கூடாதென்று அக்கா அதை வாங்கிக் கிழித்து, குப்பையோடு சேர்த்துக் கட்டிக் கீழே கொண்டுபோய்ப் போட்டா.

நாளை: லோண்ட்ரியில் போர்மனைக் கண்டு, மாமாங்கம் அண்ணையின் இடத்துக்கு ஆள் எடுத்தாயிற்றா என்று கேட்கச் சொன்னா அக்கா. கேட்க வேண்டும்.

பெப்ரவரி 28, ஞாயிறு

இன்றைய பிழை எது என்று என்னால் முடிவுசெய்ய முடியவில்லை.

ஆள் எடுக்கவில்லை. பெண் என்றாலும் பரவாயில்லை, திங்கள் காலை வரச்சொல் என்றான் போர்மன். ஆனால் அக்காவுக்கு வேலை செய்யும் அனுமதி இன்னும் வரவில்லை. இன்று மத்தியானம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, கதிரையில் இருந்து அடுப்பில் கணவாய்க்கறி கொதிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த செலீன் அக்கா, வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி சொன்னா.

"என்ட நம்பர் சும்மாதானே கிடக்கு. பிள்ளை பிறந்து வளர இன்னும் எவ்வளவு காலம். கொண்டு போகா."

நான் எழும்பிவிட்டேன். "அக்கா, வேண்டாம். நீங்கள் கட்டுறது முழுக்க செலீன் அக்கான்ரை பேரிலைதான் போகும். நாளைக்கு உங்களுக்கு ஒண்டெண்டால்..."

"தெரியும் தம்பி," என்றா கோணேஸ்வரி அக்கா. கட்டிலைக் காட்டினா. "உதுதான் கண்ணுக்கு முன்னால கிடக்கே. வேற வழி ஏதும் உங்களுக்குத் தெரியுமா?"

"என்னைப்போல வடிவா ஒரு நாளும் வரமாட்டா," என்றா செலீன் அக்கா. "படம் இல்லாத அட்டை. அதால தப்பினீங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. அவவும் பிறகு தலையைக் குனிந்துகொண்டா.

பின்னேரம் அக்கா மாமாங்கம் அண்ணையின் வேலைச் சப்பாத்தை எடுத்து, முன்பக்கத்தில் துணி அடைத்துப் போட்டு நடந்து பார்த்தா. பிறகு குசினியில் பானை கழுவப் போனா. கட்டிலில் கிடந்த அவர் என்னைச் சைகையால் பேசாமல் இரு என்றுவிட்டு, இழுபட்ட வாயால் பலமாகக் கூப்பிட்டார்.

"செலீன்!"

அக்கா திரும்பவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தவமலர்தான் ஓடிப்போய், கீழ்மாடி அன்ரி வந்திருக்கிறா என்று நினைத்து, கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"செலீன்!" என்றார் திரும்பவும்.

அக்கா பானையோடு நின்றா. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, முகத்தை மட்டும் திருப்பி, "என்ன?" என்றா.

"பிந்திற்றுது," என்றார். "இன்னொருக்காப் பாப்பம்."

நாளை: ஐந்தரை பஸ்ஸுக்கு அக்காவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், பஸ் மாறும் இடத்தைக் காட்ட வேண்டும். மெசினடியில் நான் மற்ற இரண்டு மூலையையும் பிடித்துக்கொள்ள வேண்டும். மறக்காமல் செலீன் என்று கூப்பிட வேண்டும்.